பொதிகை மேகமும் ஆனித் தேரும்: பழைய கேமராவில் டைம்லாப்ஸ்

கேள்வி: என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் அதோடு வந்த 18–55 லென்ஸும் இருக்கின்றன. அம்பாசமுத்திரம் வயல்வெளியில் நின்று, பொதிகை மேல் சாரல் மேகம் இறங்குவதை டைம்லாப்ஸாக, அதாவது விட்டு விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் வீடியோவாக, பத்து நொடிக்கு ஒரு படம் என்று எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் மேகம் துள்ளித் துள்ளிப் போகிறது, வெளிச்சமும் விட்டு விட்டு மினுங்குகிறது. அடுத்து நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை எடுக்க ஆசை. நல்ல கேமரா வாங்கினால்தான் சரியாகுமா?

பதில்:

கேமரா வாங்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. துள்ளல் வருவது இடைவெளியால். மினுக்கம் வருவது, படத்துக்குப் படம் கேமரா தன்னிஷ்டத்துக்கு எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பதால். புதுக் கேமராவிலும் இதே இரண்டும் இதே மாதிரி வரும், காசுதான் கூடப் போயிருக்கும்.

முதலில் இடைவெளி. மேகத்துக்கு 5 நொடி, கூட்டத்துக்கு 1 நொடி, நட்சத்திரத்துக்கு 25 நொடி என்று எங்கு தேடினாலும் ஒரு பட்டியல் கிடைக்கும். அது பாதிதான் சரி. திரையில் தெரியும் வேகம் மேகத்தின் வேகம் மட்டுமல்ல. மேகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, லென்ஸ் எவ்வளவு அகலத்தை வளைக்கிறது என்பதும் அதில் சேரும். நான் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ட்ரைபாடைப் போட்டு ஃபிரேமை முடிவு செய்தபின், ஒரு மேகத் துண்டைக் குறிவைத்து, அது ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக எத்தனை நொடி ஆகும் என்று பார்ப்பேன். அதை 200-ஆல் வகுத்தால் வருவதுதான் இடைவெளி. நொடிக்கு 25 படம் ஓட்டினால் 200 படம் 8 நொடி. ஒரு பொருள் திரையைக் கடக்க எட்டு நொடி எடுத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். முழுக்கக் கடக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டாம், கால்வாசி தூரம் பார்த்து நாலால் பெருக்கினால் போதும்.

உங்கள் இடத்தையே வைத்துக் கணக்குப் போடுவோம். மேகம் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஃபிரேமுக்குக் குறுக்கே நொடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வையுங்கள். ஏபிஎஸ்-சி என்ற, சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சின்ன அளவு சென்சாரில் 18 மில்லிமீட்டர் லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும். கடக்க 1300 நொடி, இடைவெளி ஆறரை நொடி. அதே லென்ஸை 55-க்குத் திருகினால் பார்க்கும் அகலம் நாலு கிலோமீட்டர் சொச்சம்தான். கடக்க 420 நொடி, இடைவெளி இரண்டு நொடி. நீங்கள் 55-இல் பத்து நொடி வைத்திருந்தால் அந்த மேகம் 42 படத்தில், அதாவது இரண்டு நொடிக்குள் ஓடி முடிந்திருக்கும். துள்ளாமல் என்ன செய்யும்? சந்தேகம் வந்தால் எப்போதும் குறைந்த இடைவெளியை எடுங்கள். ஒன்று விட்டு ஒன்று படத்தை எடுத்துப் போட்டு வேகத்தைக் கூட்டலாம், எடுக்காத படத்தை எங்கே போய்த் தேடுவது?

நம்ம ஊர் சாரல் மேகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எங்கே ஃபிரேம் வைப்பது என்று புரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறி, குளிர்ந்து, மழையை அங்கேயே பெரும்பாலும் கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். சூடாக ஆக மேகம் கரையும். அதனால்தான் மலையில் கருக்கலாக இருக்கும்போது திருநெல்வேலி டவுனில் வெயில் அடிக்கிறது. வெறும் கண்ணுக்கு முகட்டு மேகம் அசையாமல் படுத்திருப்பதுபோல் தெரியும். டைம்லாப்ஸில்தான் உண்மை தெரியும். பால் பொங்கி வழிவதுபோல் முகட்டைத் தாண்டி வழிந்து, பாதிச் சரிவில் காணாமல் போகும், பின்னாலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். ஆகவே முழுமலையையும் 18-இல் அடக்காமல், முகட்டில் ஒரு தாழ்ந்த இடமாகப் பார்த்து, மேகம் வழிவதும் கரைவதும் ஒரே ஃபிரேமில் வரும்படி 40-க்கு மேல் வைத்து எடுங்கள். இதற்கு மலைக்குள் போகவே தேவையில்லை. உள்ளே போனால் மேகம் வெறும் மூடுபனி, ஒன்றும் தெரியாது. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. உங்கள் அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடைக்குறிச்சி வரப்புகளே இதற்கு முதல் தரமான இடம்.

மலை நமக்கு மேற்கே இருப்பதால் காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மலைமேல் விழும், பச்சை துலங்கும். மூன்று மணிக்கு மேல் எதிர்வெயில். மேகத்தின் விளிம்பு பளபளக்கும், மலை கறுத்துவிடும். எனக்குப் பிடித்தது காலை ஏழரையிலிருந்து பத்து. ஆனால் ஒரு சங்கடம், காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. சாரல் நேரே லென்ஸ் கண்ணாடியில் அடிக்கும். ஒரு துளி விழுந்து நீங்கள் கவனிக்காமல் விட்டால் அடுத்த இருநூறு படத்திலும் அது உட்கார்ந்திருக்கும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் மறைப்பைப் போடுங்கள், பஞ்சுத் துணி ஒன்று கையில் இருக்கட்டும். துடைக்கும்போது ஒரு படம் கெடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைத் தூக்கிவிடலாம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் இரண்டாயிரம் ரூபாய் ட்ரைபாட் எம்மாத்திரம்? கால்களை முழுக்க நீட்டாதீர்கள், நடுத்தண்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஆடினால் இருப்பதையும் சேர்த்து ஆட்டிவிடும். எல்லோரும் மறப்பது கேமரா வார்ப்பட்டை. காற்றில் படபடத்துக் கேமராவை உதறிக்கொண்டே இருக்கும். கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ட்ரைபாட் காலில் சுற்றிக் கட்டுங்கள். வரப்பில் ஈர மண் மெல்ல அமுங்கும். கால்களுக்கடியில் மூன்று ஓட்டுத்துண்டு வைத்தால் ஃபிரேம் இறங்காது.

இப்போது மினுக்கத்துக்கு வருவோம். படம் எடுக்கத் தொடங்கியபின் கேமரா எதையும் தானாக முடிவு செய்யக் கூடாது. மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) நிலையாக 100, வெள்ளைச் சமநிலை (நிறச்சாயல் அமைப்பு) வெயில் குறியில். ஃபோகஸை மலை முகட்டில் பிடித்தபின் லென்ஸ் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளி, ஃபோகஸ் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஜூம் வளையத்துக்கும் ஒட்டுங்கள். லென்ஸின் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ட்ரைபாடில் அது உதவுவதைவிடத் தொந்தரவுதான் அதிகம். ஜேபெக்கில் எடுத்தால், இருட்டுப் பகுதியைக் கேமராவே வெளிச்சமாக்கும் வசதி ஒன்று மெனுவில் இருக்கும். நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர். எல்லாவற்றையும் பூட்டியும் மினுங்குகிறதே என்று தலையைச் சொறிபவர்கள் பலரிடம் இது திறந்துதான் கிடக்கும்.

இவ்வளவு செய்தும் லேசான மினுக்கம் மிச்சமிருக்கலாம். அது லென்ஸ் துவாரத்தின் வேலை. டிஎஸ்எல்ஆரில் பார்க்கும்போது துவாரம் முழுக்கத் திறந்திருக்கும், படம் எடுக்கும் கணத்தில்தான் நீங்கள் சொன்ன அளவுக்குச் சுருங்கி, மறுபடி திறக்கும். துவார அளவை எஃப்/11 என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே எஃப்/11-க்கு மயிரிழை பிசகாமல் வராது. தனிப் படத்தில் இது தெரியாது, நொடிக்கு 25 ஓட்டும்போது கண்ணை உறுத்தும். துவாரத்தைச் சுருக்கவே விடாமல் முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. தூரத்து மலைக்கு எல்லாமே ஃபோகஸில்தான் இருக்கும்.

அப்படி முழுக்கத் திறந்த எஃப்/3.5-இல் ஐஎஸ்ஓ 100 வைத்தால் நம்ம ஊர் உச்சி வெயிலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/2000 நொடி பக்கம் போகும். மேகத்துக்கு அது பரவாயில்லை. மனிதர்கள் நடக்கும் காட்சிக்கு ஆகாது, ஒவ்வொரு படத்திலும் ஆள் வெட்டி வைத்த மாதிரி உறைந்து நிற்பார், ஓட்டினால் பூச்சி துள்ளுவதுபோல் இருக்கும். இடைவெளியில் பாதி நேரமாவது ஷட்டர் திறந்திருந்தால் அசைவு இழுபட்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஒரு நொடி இடைவெளிக்கு அரை நொடி ஷட்டர். வெயிலில் அரை நொடி வேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். என்டி1000 என்ற வடிகட்டி வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், 1/2000 என்பது 1/2 ஆகிவிடும். நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய ஒரே சாமான் இதுதான். சுற்றினால் கருமை கூடிக் குறையும் வேரியபிள் வகையை வாங்காதீர்கள், அகலமான கோணத்தில் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கறை விழும். இதை மாட்டும் முன் ஃபோகஸ் பிடித்துவிடுங்கள், மாட்டியபின் ஒன்றும் தெரியாது. நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் துளையையும் டேப்பால் மூடுங்கள், நீண்ட ஷட்டரில் அதன் வழியாக உள்ளே வெளிச்சம் கசியும்.

தேருக்கு இந்த அரை நொடி ஷட்டர்தான் உயிர். ஆனால் 200-ஆல் வகுக்கும் கணக்கு அங்கே உதவாது, ஏனென்றால் தேர் ஒரே சீராக ஓடுவதில்லை. கொஞ்ச தூரம் நகரும், முட்டுக்கட்டை விழும், நிற்கும், வடத்தைச் சரிசெய்வார்கள், மறுபடி ஒரு இழுப்பு. எனவே தேரை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு இடைவெளி வையுங்கள். ஒரு நொடி, இல்லையென்றால் இரண்டு நொடி. வடத்தைப் பிடித்த கூட்டம் ஆறாக ஓடும், தேர் மட்டும் கூர்மையாக, கனமாக நகரும். அந்த முரண்தான் காட்சி. தேர் நின்றிருக்கும் நேரத்தை முழுக்க வெட்டிவிடாதீர்கள். நின்றிருக்கும்போது மேலே துணி மட்டும் காற்றில் அசைந்து, கீழே கூட்டம் கலைந்து கூடுவதைக் கொஞ்சம் வைத்தால்தான் அடுத்த இழுப்பின் வலு தெரியும்.

ஒரு நொடி இடைவெளியில் ரா (RAW, கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் பெரிய கோப்பு) வடிவில் எடுத்தால் பழைய கேமரா மூச்சுத் திணறும். எழுதி முடிக்கும் முன் அடுத்த படம் வந்துவிடும், நடுவில் சில படம் விடுபடும். கார்டு வேகமானதாக இல்லையென்றால் தேருக்கு மட்டும் ஜேபெக் போதும், அல்லது இரண்டு நொடிக்குப் போய்விடுங்கள்.

இடம் பிடிப்பது தனிக் கதை. ரத வீதிகள் நாலிலும் மாடி வீடுகள் இருக்கின்றன, முந்தின வாரமே போய் வீட்டுக்காரர்களிடம் கேட்டு வையுங்கள். தேரன்று காலையில் போய் நின்றால் இருட்டுக்கடை வாசலில் நிற்பதைவிட மோசமான நெரிசலில் மாட்டுவீர்கள். தேர் பக்கவாட்டில் கடப்பதைவிட உங்களை நோக்கி வந்து, திரும்பும் முனையாகப் பாருங்கள். சுவாமி தேர் மூலை திரும்புவதுதான் நாளின் பெரிய காரியம், அதை எடுத்தால் மற்றதெல்லாம் விட்டாலும் பரவாயில்லை. வெயில் பற்றி ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆனியில் நம்ம ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே இல்லாமல் வடக்கே சாய்ந்து நிற்கும், நாம் இருப்பது ஏறக்குறைய எட்டே முக்கால் டிகிரி வட அட்சத்தில், சூரியன் அப்போது 23 டிகிரிக்குப் பக்கத்தில். அதனால் மதியத்தில் தெற்கே பார்த்து எடுத்தால் வெயில் பின்னாலிருந்து வரும். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் திசைக் கணக்கு அந்த மாதத்தில் இங்கே தலைகீழ். அன்றைக்கு மேகம் வெயிலை மறைத்து மறைத்து விலகும், படம் கறுத்து வெளுக்கும். அது மினுக்கக் கோளாறு அல்ல, பொழுதின் சுபாவம். வெயில் அடிக்கும்போது சரியாக இருக்கும்படி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் போனால் காற்றாலைகளை எடுக்கத் தோன்றும். எல்லோரும் எடுப்பார்கள், பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் முடியும். மூன்று இறக்கை உள்ள காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 4 நொடி, ஓர் இறக்கை இருந்த இடத்துக்கு அடுத்த இறக்கை வர 1.33 நொடி. நீங்கள் 4 நொடி இடைவெளி வைத்தால் ஒவ்வொரு படத்திலும் இறக்கைகள் அதே இடத்தில் இருக்கும், புயல் காற்றிலும் காற்றாலை செத்து நிற்கும். கொஞ்சம் குறைத்தால் மெல்லப் பின்னால் சுற்றும். இறக்கை சுற்றுவதைக் காட்ட வேண்டுமென்றால் சாதாரண வீடியோ எடுத்துவிடுங்கள். டைம்லாப்ஸ் என்றால் என்டி போட்டு ஒன்றரை நொடி ஷட்டர் வைத்து இறக்கைகளை வெறும் வட்டப் புகையாகக் கரைத்துவிட்டு, மேகநிழல் தரையில் ஓடுவதைக் காட்சியாக்குங்கள். கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைக்கும் இதே பதில்தான். கூட்டில் இருக்கும் நாரை டைம்லாப்ஸில் தலை வெட்டி வெட்டித் திரும்பும் பொம்மை ஆகிவிடும், வீடியோதான் அதற்கு மரியாதை. உவரிக் கடல் அலையும் அப்படியே.

பகல் இரவாவதை எடுக்க ஆசை வரும், வண்ணார்பேட்டைப் பக்கம் 1843-இல் கட்டி முடித்த சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டி விளக்குகள் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் வரும். முதல் வருடம் அதைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வானம் கறுத்துவிடும், ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் அதற்குள் படிப்படியாக ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு படியும் திரையில் ஒரு குதிப்பாகத் தெரியும், அதை எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருளில் போட்டு மெழுக வேண்டும். அதற்குப் பதில் முழு இருட்டானபின் போய், இரண்டு நொடி ஷட்டர், மூன்று நொடி இடைவெளி என்று வைத்து விளக்குக் கோடுகளை மட்டும் எடுங்கள், அது உடனே கைகூடும். பாலத்தின் மேலேயே ட்ரைபாட் போட்டால் பேருந்து போகும் ஒவ்வொரு தடவையும் படம் அதிரும். ஆற்றங்கரையில் கெட்டித் தரையாகப் பார்த்து நில்லுங்கள். கோயில் விழாக்களில் சீரியல் செட், எல்இடி அலங்காரம் இருந்தால் ஷட்டரை 1/50-க்கு மேல் வேகமாக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைவதால் வேகமான ஷட்டரில் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறும்.

படங்களைக் கோக்கும் வேலை எளிது. ஒரே ஒரு படத்தை ரா வடிவில் திருத்தி, அதே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள், தனித்தனியாக ஆட்டோ அழுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். பிறகு டாவின்ச்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பில் படத்தொடராக இறக்கினால் போதும். 24 மெகாபிக்ஸல் கேமரா 6000-க்கு 4000 படம் தரும், 4கே வீடியோவுக்கு வேண்டியது 3840-க்கு 2160 மட்டுமே. இந்த மிச்சத்துக்குள் ஃபிரேமை மெல்ல நகர்த்தினாலே கேமரா தானே திரும்பியதுபோல் இருக்கும், மோட்டார் வைத்த ஸ்லைடர் எதற்கு? 250 ரா படம் ஏறக்குறைய 6 ஜிபி பிடிக்கும், கார்டைக் காலி செய்துகொண்டு கிளம்புங்கள். ஷட்டர் தேய்ந்துபோகுமே என்ற பயமும் வேண்டாம். சாதாரண டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் படம் தாங்கும் என்பது கணக்கு, 250 படக் காட்சி என்றால் நானூறு காட்சி.

இதெல்லாம் கைக்கு வந்தபின் உங்கள் ஊரிலேயே யாரும் சரியாக எடுக்காத ஒன்று கிடக்கிறது, கார் பருவ நெல். அம்பை ஆராய்ச்சி நிலையத்தின் ஏஎஸ்டி 16 போல ஏறக்குறைய 110 நாளில் விளையும் நெல்லை விதைப்பிலிருந்து அறுப்பு வரை எடுக்கலாம். இதற்கு டிஎஸ்எல்ஆரைக் கட்டிப்போடாமல், இடைவெளி வசதியுள்ள பழைய சின்னக் கேமராவைத் தண்ணீர் புகாத மின் இணைப்புப் பெட்டிக்குள் வைத்துப் பம்புசெட் சுவரில் அடித்துவிடுங்கள். அரை மணிக்கு ஒன்று, காலை ஏழிலிருந்து மாலை ஐந்தரை வரை என்றால் நாளுக்கு 22 படம், பருவம் முடிய 2420 படம், ஓட்டினால் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல். எல்லாவற்றையும் கோத்தால் நிழல் சுழன்று சுழன்று தலை வலிக்கும். தினமும் காலை எட்டு மணிப் படத்தை மட்டும் பொறுக்கினால் 110 படம், நாலரை நொடி. அதில் நாற்று வேர்பிடித்து நிமிர்வதும், கதிர் சாய்வதும் சுத்தமாகத் தெரியும். வாரம் ஒருமுறை பெட்டிக் கண்ணாடியைத் துடையுங்கள், சிலந்தி கூடு கட்டாமல் விடாது. வயல்காரரிடம் அறுப்புத் தேதியை முன்னாலேயே கேட்டு வையுங்கள், அன்றைக்கு மட்டும் இடைவெளியை அரை மணியிலிருந்து ஐந்து நொடிக்கு மாற்ற வேண்டும். இயந்திரம் இறங்கினால் ஒரு வயலை முடிக்க அதற்கு அதிக நேரம் பிடிக்காது.